சக்கரத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

பழைய பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "சிக்னலில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்கிறார்கள். எதை வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பேன்: "சக்கரத்துக்குள் என்ன இருக்கிறது?" கேட்டவர் முகத்தில் லேசாக எரிச்சல் தெரியும். அவர் கேட்டது பெடல் பக்கத்துச் சாமான். நான் போய் நிற்பது சக்கரத்தில். உட்காருங்கள், டீ வரட்டும். கடைசியில் முடிவு செய்ய வேண்டியதைத்தான் எல்லோரும் முதலில் முடிவு செய்யப் பார்க்கிறார்கள், வம்பே அதில்தான்.

பேச்சுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1965 ஷெவர்லே சி-10. அமெரிக்காவில் பழைய பிக்கப்பை மீட்டெடுத்து ஓட்டுபவர்கள் அதிகம் தேடும் வண்டிகளில் அதுவும் ஒன்று. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ஃபயர்வாலில் ஒரு வார்ப்பிரும்பு மாஸ்டர் சிலிண்டர், அதன் தலையில் எண்ணெய்க்கு ஒரே ஒரு கிண்ணம். அதிலிருந்து ஒரே குழாய் கீழே இறங்கி, பிறகு முன்னுக்கும் பின்னுக்கும் பிரிகிறது. முன் சக்கரத்து ஓஸ் ஒன்று வெடித்தாலும் போதும், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அப்புறம் கை கொடுப்பது பார்க்கிங் பிரேக் மட்டும்தான்.

இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் அப்போதே புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. 1962 மாடலிலேயே காடிலாக்கும் அமெரிக்கன் மோட்டார்ஸின் ராம்ப்ளரும் அதைக் கொடுத்துவிட்டன. ஷெவர்லே பிக்கப்புக்கு 1967இல்தான் வந்தது. கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய அமெரிக்கப் பாதுகாப்பு விதி 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது. உங்கள் 1965 வண்டி அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட வண்டி.

இரட்டை அறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் அதன் மேல் மரியாதை வரும். ஒரே குழலுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு பிஸ்டன்கள். பெடலிலிருந்து வரும் தடி முதல் பிஸ்டனைத்தான் தள்ளுகிறது. இரண்டாவதைத் தள்ளுவது நடுவில் அடைபட்ட எண்ணெய். நடு எண்ணெய் ஒழுகிப் போய்விட்டால் முதல் பிஸ்டன் நேராகப் போய் இரண்டாவதில் முட்டி அதைத் தள்ளும். இரண்டாவது அறையின் எண்ணெய் போனால் அந்தப் பிஸ்டன் குழலின் கடைசிச் சுவரில் போய் நிற்கும், முதல் அறையில் அழுத்தம் கூடும். எப்படியானாலும் ஒரு பாதிக்குப் பிரேக் இருக்கும். பெடல் பயமுறுத்தும் அளவுக்குக் கீழே போகும், ஆனால் வண்டி நிற்கும். அதனால் என் கட்சி இதுதான்: கண்காட்சியில் மட்டும் நிற்கப்போகும் வண்டி என்றால் பழைய ஒற்றைச் சிலிண்டரே அழகு. சாலையில் ஓடப்போகிறது என்றால், வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றிவிடுங்கள். அசல் தன்மை கெட்டுவிடும் என்று யாராவது முகம் சுளித்தால், அவர்களை ஓட்டுநர் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஒரு மலைச்சரிவில் இறங்குங்கள்.

சரி, வாங்குவதற்கு முன்னால் பழையது உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பெடல் இறங்குகிறது, வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, கிண்ணத்திலும் எண்ணெய் குறையவில்லை என்றால், உள்ளே ரப்பர் கப்பைத் தாண்டி எண்ணெய் பின்னால் நழுவுகிறது. அது மாஸ்டர் சிலிண்டரின் குற்றமே. கேபினுக்குள் குனிந்து, தடி நுழையும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். விரலில் ஈரம் பட்டால் அதுவும் மாஸ்டர்தான். எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது, இங்கே ஈரம் இல்லை என்றால் டிரம்மைக் கழற்றி வீல் சிலிண்டரைப் பாருங்கள். பெடல் பஞ்சு மாதிரி இருந்தால் காற்று. இரண்டு மூன்று முறை அடித்தால்தான் பெடல் மேலே வருகிறது என்றால், பிரேக் ஷூவை வெகுநாளாக யாரும் அட்ஜஸ்ட் செய்யவில்லை என்பதே பெரும்பாலும் விஷயம். கடையில் விற்கும் புதிய மாஸ்டர்களில் எத்தனை இந்தக் கடைசி வியாதிக்கு மருந்தாகப் போகின்றனவோ!

இப்போது குழலின் விட்டம். இரண்டு ஊசிக் குழல்களை ரப்பர் டியூபால் இணைத்து விளையாடியிருப்பீர்கள். ஒல்லியானதை அழுத்தினால் சுலபமாகப் போகும், ஆனால் எதிரில் உள்ள தடித்த குழலின் பிஸ்டன் கொஞ்சம்தான் நகரும், பலமாக நகரும். தடித்ததை அழுத்தினால் விரல் வலிக்கும், எதிரில் உள்ளது குபுக்கென்று வெளியே வரும். பிரேக்கில் உள்ள பௌதிகம் முழுவதும் இதுதான்.

கணக்காகவே பார்க்கலாம். காலால் 75 பவுண்டு மிதிக்கிறீர்கள். பெடல் ஒரு நெம்புகோல். கால் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பூஸ்டர் இல்லாத வண்டியில் அது ஏறக்குறைய ஆறு மடங்காக்கித் தரும். தடியில் 450 பவுண்டு. மாஸ்டரின் உள்விட்டம் 1 அங்குலம் என்றால் பரப்பு 0.785 சதுர அங்குலம். அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 573 பவுண்டு வருகிறது. அதையே 1 1/8 அங்குலமாக்கினால் பரப்பு 0.994, அழுத்தம் 453. அரைக்கால் அங்குலம் விட்டம் கூடியதற்கு ஐந்தில் ஒரு பங்கு அழுத்தம் காணாமல் போயிற்று! 7/8 அங்குலத்துக்கு இறங்கினால் அதே காலுக்கு 748 கிடைக்கும். ஆனால் சும்மா கிடைக்காது. அதே அளவு எண்ணெயைத் தள்ள 7/8 அங்குலக் குழலில் பிஸ்டன் அதிக தூரம் போக வேண்டும்; பெடல் தரையை நெருங்கும்; சக்கரத்துப் பிஸ்டன்கள் பெரியவையாக இருந்தால் எண்ணெய் போதாமலே போகலாம்.

பெரிய சிலிண்டர் என்றால் பெரிய பிரேக் என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெரிய விட்டம் போட்ட உடனே பெடல் கல் மாதிரி உயரமாக நிற்கும். "ஆகா, என்ன உறுதி!" என்று தோன்றும். வண்டி நிற்க மறுக்கும்போதுதான் அந்த உறுதி யாருக்கு என்று புரியும். பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 1 அங்குலமோ அதற்குச் சற்றுக் குறைவோ. 1 1/8 என்பது பூஸ்டர் உள்ள வண்டிக்கு. தோராயமான கைக்கணக்குதான், ஆனாலும் பல நேரம் காப்பாற்றும்.

விட்டத்தைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது டிரம், டிஸ்க் வித்தியாசம். டிரம் பிரேக்கில் மிதியை விட்டதும் ஸ்பிரிங் ஷூவைப் பின்னால் இழுத்துவிடும். அந்தக் கணத்தில் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் உதடு தளர்ந்து காற்றை உள்ளே இழுக்காமல் இருக்க, குழாயில் எப்போதும் சிறிது அழுத்தம் மிச்சம் வைப்பார்கள். சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அளவில். அந்த மிச்சத்தைப் பிடித்துவைக்கும் சின்ன வால்வு பழைய டிரம் வண்டிகளில் மாஸ்டரின் வெளிவாய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டிஸ்க் பிரேக்கில் பேடைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அங்கே 10 பவுண்டு மிச்சமிருந்தால் பேட் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும், சூடேறும், தேயும். ஆக, முன்னால் டிஸ்க் மாற்றிவிட்டு டிரம் வண்டியின் மாஸ்டரைப் போட்டவருக்குச் சக்கரம் சுடும். நான்கும் டிரம்மாக இருக்கும் வண்டிக்கு டிஸ்க் வண்டியின் மாஸ்டரைப் போட்டவருக்கு முதல் மிதியில் பிரேக் பிடிக்காமல் போகலாம். இரண்டு பேரும் "மட்டமான சாமான்" என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். சாமான் நல்ல சாமான்தான். வீடு மாறி வந்துவிட்டது.

இந்த இரண்டு வகை மாஸ்டரையும் வெளியிலிருந்தே ஓரளவு அடையாளம் காணலாம். நான்கும் டிரம் என்றால் இரண்டு கிண்ணமும் ஏறக்குறைய ஒரே அளவு. டிஸ்க் உள்ள வண்டியின் மாஸ்டரில் டிஸ்குக்கான கிண்ணம் பெரிது. பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும், அந்த இடத்தை நிரப்ப எண்ணெய் வேண்டுமல்லவா? ஷெவர்லே பிக்கப்பில் முன் டிஸ்க் 1971இல்தான் எல்லா வண்டிக்கும் வந்தது. எனவே உங்கள் 1965 வண்டியில் டிரம் அப்படியே இருந்தால் தேட வேண்டியது 1967 முதல் 1970 வரையிலான டிரம் வண்டியின் மாஸ்டர். யாராவது முன்னச்சை மாற்றி டிஸ்க் போட்டிருந்தால் 1971க்குப் பிந்தையது, கூடவே அதற்கான காம்பினேஷன் வால்வு. அந்த வால்வுதான் பின் சக்கரம் முந்திப் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. ஒரு பாதி செத்தால் டேஷ்போர்டில் விளக்கை எரிப்பதும் அதுவே. வண்டி யார் யார் கை மாறி வந்ததோ, உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் ஆர்சி புத்தகத்து வருடத்தை நம்பாதீர்கள், ஒரு சக்கரத்தையாவது கழற்றிப் பாருங்கள் என்கிறேன்.

இன்னும் பழைய வண்டி என்றால் வேறு ஒரு சிக்கல். 1947 முதல் 1950களின் முற்பாதி வரை வந்த ஷெவர்லே பிக்கப்புகளிலும், 1953 முதல் 1956 வரையிலான ஃபோர்டு எஃப்-100இலும் மாஸ்டர் சிலிண்டர் கேபின் தரைக்கு அடியில், சேஸிஸில் மாட்டியிருக்கும். எண்ணெய் பார்க்கத் தரைவிரிப்பைத் தூக்கி ஒரு சிறு மூடியைத் திறக்க வேண்டும். அதனாலேயே யாரும் பார்ப்பதில்லை. அந்த வண்டிக்கு டிஸ்க் போட்டால், காலிப்பர் மேலேயும் மாஸ்டர் கீழேயுமாக ஆகிவிடுவதால் எண்ணெய் தானாகவே பின்னால் வடியும். அதைத் தடுக்க டிஸ்க் குழாயில் 2 பவுண்டு வால்வு ஒன்றைத் தனியாகச் சேர்ப்பார்கள். ஃபயர்வாலில் உயரமாக மாஸ்டர் உள்ள சி-10க்கு அது தேவையில்லை.

டீ ஆறிவிட்டது, இன்னொன்று சொல்வோம். அடுத்து வருவதுதான் உயிர் போகும் விஷயம்.

பெடல் தடி போய் உட்காரும் குழி ஒன்று பிஸ்டனின் பின்புறம் இருக்கும். பூஸ்டர் இல்லாத வண்டிக்கான மாஸ்டரில் அந்தக் குழி ஆழமானது. நீளமான தடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், நழுவாது. பூஸ்டர் வண்டியின் மாஸ்டரில் குழி ஆழமில்லாதது, ஏனென்றால் பூஸ்டரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குட்டித் தடி தன் இடத்தில் பிடிபட்டு நிற்கும். இரண்டும் வெளியே ஒரே மாதிரி வார்ப்பு, ஒரே மாதிரி மூடி, சுவரில் மாட்டும் ஓட்டைகளும் பொருந்தும். ஆழமில்லாத குழி உள்ளதைப் பூஸ்டர் இல்லாத வண்டியில் மாட்டினால், பெடல் சற்று அதிகமாகப் பின்னால் வந்த ஒருநாள் தடி குழியிலிருந்து விழுந்துவிடலாம். அடுத்த மிதி காற்றில். பெட்டியைத் திறந்ததும் பென்சிலை விட்டு ஆழம் பாருங்கள். அடையாள எண் சரி, விலை சரி என்று விட்டுவிடாதீர்கள்.

பூஸ்டர் சேர்க்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். நான்கு டிரம்மும் ஒழுங்காக அட்ஜஸ்ட் ஆகி இருந்தால் சி-10க்குக் கால் பலமே போதும் என்பது என் எண்ணம். டிரம்மில் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் குணம் உண்டு. டிஸ்குக்கு அது கிடையாது, அதனால்தான் டிஸ்க் அதிக அழுத்தம் கேட்கிறது. டிஸ்க் போட்டுப் பூஸ்டரும் வைத்தால் பெடலின் ஆறு மடங்கு நெம்பு விகிதம் அதிகமாகிவிடும். நான்கு மடங்கு அளவுக்கு இறக்க வேண்டும், அதற்கான தாங்கிகள் கிடைக்கின்றன. எஞ்சினில் காரமான கேம் ஷாஃப்ட் போட்டிருப்பவர்கள் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் கிடைக்கிறதா என்று கேஜ் வைத்துப் பார்த்த பிறகே காசைக் கொடுக்கட்டும்.

குழாய் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒற்றைச் சிலிண்டரிலிருந்து இரட்டைக்குப் போகும்போது, முன்னுக்கும் பின்னுக்கும் பிரிந்த அந்தப் பழைய இணைப்பில் பின் குழாயைத் தனியாகக் கழற்றி, இணைப்பில் காலியான வாயை அடைத்து, மாஸ்டரிலிருந்து பின் குழாய்க்குப் புதிதாக ஒரு குழாய் கொண்டுவர வேண்டும். பழைய அமெரிக்க வண்டிகளில் குழாய் முனை 45 பாகையில் இரட்டை மடிப்பாக விரிந்திருக்கும். பிற்கால மெட்ரிக் வண்டிகளின் மாஸ்டரில் முனை குமிழ் வடிவம். ஒன்றை மற்றதில் திருகி இறுக்கினால் ஏறுகிற மாதிரி ஏறி, பிறகு கசியும். வெறும் செப்புக் குழாய் வேண்டாம்; எஃகு, அல்லது செம்பும் நிக்கலும் கலந்த குழாய்.

புதிதா, மறுசீரமைத்ததா, பழைய கையிருப்பா? ஐம்பது வருடம் பெட்டி பிரிக்காமல் கிடந்த அசல் ஜெனரல் மோட்டார்ஸ் சாமான் என்று யாராவது கொண்டுவந்தால் பெட்டியை அலமாரியில் வையுங்கள். உள்ளிருக்கும் ரப்பருக்கும் அதே ஐம்பது வயது. மறுசீரமைத்தவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு: துருப்பிடித்த குழலை ஹோன் போட்டுத் தேய்த்து, புது ரப்பர் போட்டு, கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்குப் புதிதுதான், ஆனால் குழியும் பள்ளமும் அந்தக் கப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். அசல் வார்ப்பைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்பவர்கள் குழலுக்குள் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் உறை போட்டுத் தரும் பட்டறையைத் தேடலாம், அது நிலைக்கும். அலுமினிய உடல் உள்ளதன் குழலை ஹோன் போடவே கூடாது, மேலே உள்ள கடினப் பூச்சு போய்விடும். சாதாரணமாக ஓட்டுபவருக்குப் புது வார்ப்பிரும்புச் சிலிண்டர் போதும், விலையும் பயமுறுத்தாது.

பிரேக் ஆயில்? டாட் 3 அல்லது டாட் 4, புதிதாக உடைத்த பாட்டில். ஈரத்தை உறிஞ்சும் ஆயில் இது. திறந்து வைத்த பாட்டிலை மறந்துவிடுங்கள். பெயின்டில் சொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். சிலிக்கோனான டாட் 5 பெயின்டைத் தின்னாது என்று ஆசை காட்டுவார்கள். பழைய ஆயிலோடு அதைக் கலக்கக் கூடாது, மாறுவதானால் மொத்தமும் மாற வேண்டும். எஞ்சின் ஆயில், பவர் ஸ்டியரிங் ஆயில் ஒரு சொட்டு போனாலும் எல்லா ரப்பரும் ஊதிவிடும்.

மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து, வெளிவாய்களிலிருந்து சிறு டியூப்களைத் திரும்பக் கிண்ணத்துக்கே விட்டு, மெதுவாக அழுத்தி, குமிழி நிற்கும் வரை காற்றை எடுத்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் வண்டியில் எவ்வளவு நேரம் பெடல் அடித்தாலும் காற்று முழுக்கப் போகாது. இதோடு இன்னொன்று. பழைய மாஸ்டர் உள்ள வண்டியில் காற்றெடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிக்காதீர்கள். அன்றாடம் பிஸ்டன் போகாத தூரத்தில் குழல் துருப்பிடித்திருக்கும். அங்கே போய்வரும் ரப்பர் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரத்துண்டு போதும். நேற்றுவரை நன்றாக இருந்த சிலிண்டர் ஆயில் மாற்றிய மறுநாள் செத்துப்போகும் மர்மம் இதுதான்.

தடியின் நீளத்தில்தான் நிதானம் தேவை. பெடல் ஓய்வில் இருக்கும்போது தடிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்காவது இடைவெளி இருக்க வேண்டும். ஏன் என்றால், பிஸ்டன் முழுக்கப் பின்னால் வந்து நிற்கும்போது, ரப்பர் கப்புக்குச் சற்று முன்னால் கிண்ணத்துக்குப் போகும் ஊசித் துவாரம் ஒன்று திறந்திருக்கும். பிரேக் சூடேறி எண்ணெய் விரியும்போது உபரி அந்த வழியாகத்தான் மேலே போகிறது. தடி நீளமாகிப் பிஸ்டனை மயிரிழை முன்னே தள்ளி வைத்திருந்தால் துவாரம் மூடிக்கொள்ளும். விரிந்த எண்ணெய்க்குப் போக்கிடம் கிடையாது. யாரும் மிதிக்காமலே பிரேக் பிடிக்கும், பிடித்ததால் இன்னும் சூடாகும், இன்னும் பிடிக்கும். நாலைந்து மைல் ஓடியதும் வண்டி இழுக்கத் திணறும். அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ஆறி, ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும்.

அப்படி நடந்தால் பதறி இன்னொரு மாஸ்டர் வாங்கப் போகாதீர்கள். பிரேக் பிடித்திருக்கும்போதே வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மாஸ்டரைச் சுவரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் சில சுற்றுத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் தடிதான் நீளம், குறைத்துவிடலாம். விடவில்லை என்றால் மாஸ்டரில் குழாய் நட்டைத் தளர்த்துங்கள். எண்ணெய் பீய்ச்சிச் சக்கரம் விட்டால் மாஸ்டருக்குள் எங்கோ அடைப்பு. டிஸ்க் குழாயில் அந்த 10 பவுண்டு வால்வு ஒளிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்கும் விடாமல், சக்கரத்துப் பக்கம் காற்றெடுக்கும் திருகைத் திறந்தால்தான் விடுகிறது என்றால், நடுவில் உள்ள ரப்பர் ஓஸ் உள்ளுக்குள் ஊதிப்போய் எண்ணெயைப் போகவிட்டு, திரும்பவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது. வெளியே பார்த்தால் அந்த ஓஸில் ஒரு வெடிப்பும் இருக்காது. முன்னால் இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று. மாஸ்டருக்குச் சொல்லும்போதே அந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.